கம்ப்யூட்டரில் ஒரு பாட்டி: போட்டோ ஷூட் மேக்கப்பைத் திட்டமிடுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, பிள்ளைகள் கேம்ஸும் விளையாடி அலுத்துவிட்டார்கள். இனி இதில் உருப்படியாக என்ன செய்யலாம் என்று யோசிக்கிறீர்களா? பள்ளியில் மாறுவேடப் போட்டி, கல்லூரியில் நாடகம், நண்பர்கள் எடுக்கும் குறும்படம் என்று ஏதாவது ஒன்றுக்காக வீட்டில் யாராவது வேஷம் போட வேண்டி வரும். அந்த வேஷத்தின் மேக்கப்பையும் தலை அலங்காரத்தையும், முகத்தில் கை வைக்கும் முன்பே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம்.

நான் சாப்ட்வேர் என்ஜினியர். மேக்கப் கலைஞன் அல்ல. என்னை இதில் இழுத்துவிட்டவள் மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகள். அவளுக்கு வயது 19. நாடகத்தில் கிடைத்ததோ 75 வயதுப் பாட்டி வேஷம். போஸ்டருக்காக ஸ்டுடியோவில் படம் எடுக்க வேண்டும். "அண்ணா, நீங்கதான் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களே, என்னைப் பாட்டியா மாத்திக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். முதல் முறை கேவலமாகத் தோற்றோம். தோற்ற கதையைச் சொன்னால் உங்களுக்கு ஒரு நாள் ஸ்டுடியோ கட்டணம் மிச்சமாகும்.

ஜிம்ப் போதும்

பணம் கொடுத்து எந்த புரோகிராமும் வாங்க வேண்டாம். ஜிம்ப் என்ற புரோகிராம் இலவசம். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள்.

முதலில் வேஷம் போடப் போகிறவரின் முகத்தைப் படம் எடுக்க வேண்டும். முடியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, மேக்கப் ஏதும் இல்லாமல், பகலில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். பிளாஷ் வேண்டாம். முகத்துக்கு அருகில் போனை நீட்டினால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, சற்று ஜூம் செய்து எடுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று போதும். பிறகு புருவத்தை உயர்த்தச் சொல்லியும், சிரிக்கச் சொல்லியும், கண்ணைச் சுருக்கச் சொல்லியும் மூன்று படங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். வயதானால் சுருக்கம் எங்கே விழும் என்பதை அந்த முகமே சொல்லிவிடும். நாமாகக் கோடு போட்டால் அது யாரோ ஒருவருடைய சுருக்கமாகத்தான் இருக்கும்.

ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, லேயர் மெனுவில் நியூ லேயர் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். சிறிய விண்டோ ஒன்று எழும். அதில் பில் வித் என்ற இடத்தில் டிரான்ஸ்பேரன்சி என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். லேயர் என்பது போட்டோவின் மேல் விரித்த கண்ணாடித் தாள் போன்றது. அதில் என்ன கிறுக்கினாலும் அடியில் உள்ள போட்டோ கெடாது. பிடிக்கவில்லை என்றால் தாளை எடுத்துவிடலாம். நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று, முடிக்கு ஒன்று என மூன்று லேயர்கள் போட்டு, அவற்றுக்குப் பெயரும் கொடுத்துவிடுங்கள். நிழல் லேயரின் மோட் என்ற இடத்தில் மட்டும் மல்டிப்ளை என மாற்றுங்கள். அப்போதுதான் நீங்கள் பூசும் வண்ணம் தோலை மூடாமல், தோலை இருட்டாக்கும்.

இப்போது ஓரம் மென்மையான பிரஷ் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். நிழலுக்குக் கறுப்பு வண்ணம் வேண்டவே வேண்டாம். கலர் பிக்கர் டூலால் அந்த முகத்திலேயே தாடைக்கு அடியில் இருக்கும் இருண்ட நிறத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் இரண்டு பாகம் உண்டு: பள்ளம் ஒன்று, அதை ஒட்டிய மேடு ஒன்று. பள்ளத்துக்கு நிழல், மேட்டுக்கு வெளிச்சம். நிழலை மட்டும் போட்டால் வயதான முகம் வராது, அழுக்கு முகம்தான் வரும். ஒபாசிட்டி ஸ்லைடரைக் குறைத்தும் கூட்டியும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நைட் லைட் என்று ஒரு வசதி உண்டு. இரவில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் அதை அணைத்துவிட்டு வண்ண வேலையைத் தொடங்குங்கள். நான் ஒரு ராத்திரி முழுக்க மஞ்சள் திரையில் வண்ணம் தேடிவிட்டு, காலையில் பார்த்துத் தலையில் கை வைத்துக் கொண்டேன்.

ஸ்டுடியோவில் நடந்தது

கம்ப்யூட்டரில் பாட்டி நன்றாகவே வந்திருந்தாள். படத்தைப் பார்த்து வீட்டில் ஒத்திகை மேக்கப் போட்டு, போனில் படம் எடுத்தோம். கோடுகள் சரியாகத் தெரியவில்லை. இன்னும் அழுத்தமாகப் போட்டோம். அப்போதும் மங்கல். மறுபடி அழுத்தினோம். அந்த அளவைக் குறித்துக் கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனோம்.

அங்கே மானிட்டரில் வந்த படத்தைப் பார்த்ததும் தங்கை அழுதேவிட்டாள். பாட்டி இல்லை, முகத்தில் கரிக்கோடு கிழித்த பெண். தலையில் தூவிய பவுடர் பிளாஷ் வெளிச்சத்தில் சுண்ணாம்பு போல் ஜொலித்தது, பாதி தோளில் கொட்டியிருந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். கைத்தடியைப் பிடித்திருந்த விரல்களோ 19 வயது விரல்கள்!

காரணம் அன்று இரவுதான் பிடிபட்டது. அவளுடைய போன் கேமராவில் பியூட்டி மோட் ஆன் ஆகியிருந்தது. முகத்தில் கோடு, பரு, சுருக்கம் எது இருந்தாலும் வழவழப்பாக்குவதுதான் அதன் வேலை. நாங்கள் வரைந்த சுருக்கத்தை எல்லாம் அது அழித்துக் கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் விடாமல் கூட்டிக் கொண்டே இருந்திருக்கிறோம். புரோகிராமில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது தோன்றவில்லை! முகம் வெளுத்ததற்குக் காரணம் மேக்கப்புக்கு அடியில் தடவிய சன்ஸ்கிரீன் கிரீம். பல சன்ஸ்கிரீன்களில் டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு இருக்கும். இவை பிளாஷ் ஒளியைத் திருப்பி அடித்து முகத்தை வெள்ளையாகக் காட்டும்.

கண் பார்ப்பது வேறு, கேமரா பார்ப்பது வேறு என்பது சினிமாக்காரர்களுக்குப் பழைய பாடம். பேசாப்பட காலத்தில் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு உதட்டுச்சாயம் படத்தில் கறுப்பாக விழும். 1931-ல் வந்த 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் ஜாக் பியர்ஸ், நடிகர் போரிஸ் கார்லோப் முகத்தில் பச்சை சாயல் கொண்ட மேக்கப்பைப் பூசினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பிணத்தின் வெளிறிய நிறமாகத் தெரிந்தது. அவர்கள் பிலிமுக்காக மேக்கப் போட்டார்கள். நாங்கள் பியூட்டி மோடுக்காகப் போட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

அம்மாச்சி சொன்ன திருத்தம்

இரண்டாம் முறைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. என் மாதிரிப் படத்தை பிரிண்ட் எடுத்து எங்கள் அம்மாச்சியிடம் காட்டினாள் தங்கை. கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வெகு நேரம் பார்த்தார். "நெத்தியில கோடு போட்டா கிழவியாடி? பல்லு போன வாய் இப்படியா இருக்கும்? என் வாயைப் பாரு" என்றார்.

அதன்பிறகுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தோம். நெற்றியில் அப்படி ஒன்றும் கோடு இல்லை. உதடு உள்ளே போயிருந்தது, அதைச் சுற்றி மெல்லிய நெடுக்குக் கோடுகள். கன்னப்பொட்டில் பள்ளம். தாடை ஓரம் தளர்ந்து தொங்கல். முடியில் நரை ஒரே சீராக இல்லை. காதோரம் வெள்ளை, உச்சியில் சாம்பல், கொண்டையில் இன்னும் கொஞ்சம் கறுப்பு. வகிடு அகலமாகித் தலைத்தோல் தெரிந்தது. ஜன்னல் ஓரம் உட்கார வைத்துப் படம் எடுத்து, ஜிம்ப்பில் தங்கையின் படத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்துக் கொண்டேன். நெற்றிக் கோடுகள் போயின. உதட்டை பவுண்டேஷனால் மறைத்து, சற்று உள்ளே மடித்துக் கொள்ளச் சொன்னோம். பாதி வயது அதிலேயே கூடிவிட்டது.

அம்மாச்சியின் அம்மா போட்டிருந்த தண்டட்டியும் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கம்ப்யூட்டரில் காது மடலைத் தோள் வரை இழுத்துவிடலாம். நிஜக் காதை என்ன செய்வது? மவுஸால் முடிந்ததெல்லாம் கையால் முடியாது. முகத்தில் செய்ய முடியாத எதையும் மாதிரிப் படத்தில் வரையாதீர்கள். 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி'யில் கமல்ஹாசனுக்கு மேக்கப் செய்த மைக்கேல் வெஸ்ட்மோர் போன்றவர்கள் முகத்துக்கு அச்செடுத்துச் செய்யும் வேலை வேறு. நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது வெறும் வண்ணம்.

நரைக்கு பவுடரை விட்டுவிட்டு, தண்ணீரில் குழைக்கும் வெள்ளை மேக்கப் கேக்கில் துளி மஞ்சள் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் காதோரத்திலிருந்து பின்னோக்கிச் சீவினோம். சுத்த வெள்ளை படத்தில் நீலம் பாய்ந்து தெரியும். விரல் எலும்புகளுக்கு இடையிலும் கழுத்திலும் நிழல் போட்டோம். எல்லா மேக்கப் பொருளையும் முந்தின நாளே முன்கையின் உட்புறம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பார்த்துக் கொண்டோம். ஸ்டுடியோக்காரரிடம் லைட்டை முன்பக்கம் சற்று மேலிருந்து விழும்படி வைக்கச் சொன்னோம். நாம் வரைந்த நிழல்கள் ஒளி மேலிருந்து விழுவதாக நினைத்து வரைந்தவை. லைட் கீழிருந்து வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலில் ஒரே ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, கன்னத்து நிழலைக் குறைத்த பிறகே மீதிப் படங்கள். போஸ்டர் அச்சாகி வந்ததும் அம்மாச்சி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக் கொண்டார்.

வேலை முடிந்ததும் பைலை இரண்டு விதமாக சேவ் செய்திடுங்கள். பைல் மெனுவில் சேவ் கொடுத்தால் லேயர்கள் பிரியாமல் எக்ஸ்சிஎப் பைலாக இருக்கும், பிறகு திருத்தலாம். எக்ஸ்போர்ட் அஸ் கொடுத்து ஜேபிஜி ஆக்கினால் பிரிண்ட் எடுக்கலாம். பிரிண்டில் எந்த இடத்தில் எந்த வண்ணம், எந்த பிரஷ், எது முதலில் என்று பேனாவால் எழுதி வையுங்கள். நாடகத்தன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் கொண்டு தங்கையின் தோழிதான் மேக்கப் போட்டாள். தாளில் ஒரு வரி மட்டும் பெரிதாக எழுதியிருந்தேன்: மேடைக்குக் கோடுகளை இதைவிட அழுத்தமாகப் போடவும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமே.

மேக்கப்பைக் கலைக்க சோப்பால் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பஞ்சால் துடைத்து எடுங்கள். கண் ஓரத்தில் மட்டும் எண்ணெய் இறங்காமல் பார்த்துக் கொள்ளவும்.