சுவிட்ச் ஆப் பண்ணியும் 'ஷாக்' அடிப்பது ஏன்? வீட்டில் லைட் மாட்டுவோர் கவனத்துக்கு...

கோவை:

"சுவிட்சை ஆப் பண்ணிட்டுத்தானுங்க ஏறுனேன், அப்புறம் எப்படி ஷாக் அடிச்சுது?"

வீட்டில் சொந்தமாக லைட் மாட்டப் போய் ஸ்டூலில் இருந்து விழுந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. சுவிட்ச் ஆப் ஆனால் லைட் அணையும். ஆனால் ஹோல்டரில் கரண்ட் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021, 2022-ம் ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கி பலியாகி உள்ளனர்.

மாறிப்போன வயர்

லைட்டுக்கு வரும் வயர்கள் இரண்டு. கரண்ட் கொண்டு வருவது பேஸ். திரும்பிப் போவது நியூட்ரல். சுவிட்ச் எப்போதும் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் சிலர் நியூட்ரலில் போட்டு விடுகிறார்கள். அப்போதும் சுவிட்சைத் தட்டினால் லைட் எரியும், அணையும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சுவிட்ச் ஆப்பில் இருந்தாலும் ஹோல்டர் வரை கரண்ட் நின்று கொண்டே இருக்கும். தொட்டவருக்கு ஷாக் நிச்சயம்.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. ராத்திரி லைட்டை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு லேசாக மினுக்கினால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம். சுவிட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டர் விளக்காலும் இப்படி மினுக்கும். எதுவானாலும் வயர்மேனை கூப்பிட்டு ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது.

மெயினை ஆப் பண்ணுங்க

ஏணியில் கால் வைக்கும் முன் மெயின் சுவிட்சை ஆப் செய்ய வேண்டும். பியூஸ் கேரியர் இருந்தால் கழற்றி சட்டைப் பையில் போட்டுக் கொள்ளுங்கள். லைன் வீடுகளில் நாலைந்து குடித்தனத்துக்கும் மெயின் ஒரே இடத்தில் இருக்கும். "கரண்ட் போயிருச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து போட்டு விட்டால் கதை முடிந்தது. அவர்களிடம் சொல்லிவிட்டு, மெயின் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

மாதாந்திர பராமரிப்புக்கு மின்தடை செய்யும் நாளில், கரண்ட் இல்லை என்ற தைரியத்தில் மெயினை ஆப் செய்யாமலே வேலை பார்ப்பவர்களும் உண்டு. சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்து விடலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னும் உஷார் தேவை. 2012-ல் கோவை, திருப்பூர் பகுதிகளில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது பலர் இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டனர். மெயினை ஆப் செய்ததும் இன்வெர்ட்டர் அதே லைட்டுக்கு கரண்ட் கொடுக்க ஆரம்பித்து விடும். அதையும் ஆப் செய்தால்தான் வேலையைத் தொடங்கலாம்.

டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள பிளக் பாயிண்டில் வைத்துப் பாருங்கள். எரிகிறதா? பிறகு மெயினை ஆப் செய்து, லைட் பாயிண்டில் இரண்டு வயரையும் தொட்டுப் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எரியாததை நம்பி கை வைக்கக் கூடாது.

நீல வயர் குழப்பம்

நம் ஊர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். ஆனால் இப்போது கடைகளில் கிடைக்கும் பல பேன்சி லைட்டுகளில் பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில், சுவரில் இருந்து வரும் நீல வயரில் 230 வோல்ட் இருக்கலாம். கலரைப் பார்த்து நீலத்தோடு நீலத்தை முறுக்கி விடாதீர்கள். டெஸ்டர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

வயரின் மேல்தோலை ஒரு செ.மீ. அளவுக்கு மட்டும் சீவி, கம்பியை முறுக்கி, கனெக்டருக்குள் விட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். செம்பு வெளியே தெரியக் கூடாது. லைட்டின் எடையை வயர் தாங்கக் கூடாது. கனமான லைட் என்றால் கான்கிரீட்டில் கொக்கி வேண்டும். இரும்பு பாடி உள்ள லைட்டுக்கு பச்சை எர்த் வயர் கட்டாயம்.

ஓட்டு வீட்டில் ரீப்பர் மேல் போகும் வயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் போட்ட வீட்டில் இரும்பு பைப்பில் வயரைக் கட்டி விடுவது மிகவும் ஆபத்து. உரசி உரசி தோல் போய்விட்டால் பைப் முழுக்க கரண்ட் பாயும். அதில் கட்டிய துணி காய வைக்கும் கம்பியும் ஷாக் அடிக்கும்.

உயிர் காக்கும் கருவி

"எம்.சி.பி. இருக்குதுங்க, ட்ரிப் ஆயிரும்" என்று சிலர் நினைக்கிறார்கள். லைட் லைனில் இருக்கும் 6 ஆம்ப்ஸ் எம்.சி.பி. வயர் சூடாகி தீப்பிடிப்பதை தடுக்கத்தான். 6 ஆம்ப்ஸ் என்பது 6 ஆயிரம் மில்லி ஆம்ப்ஸ். ஒரு 9 வாட் பல்பு எரியத் தேவைப்படும் 40 மில்லி ஆம்ப்ஸ் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே உயிர் போகலாம். எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்ப்ஸ் கசிவிலேயே கட் ஆகும் ஆர்.சி.சி.பி. தான் ஆளைக் காப்பாற்றும். மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தினால், உடனே கட் ஆக வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

பழைய பல்பை, லைட்டை, சுவிட்சை மாற்றிப் போடுவதற்கு தடை இல்லை. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இந்த விலக்கு உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டு விதிகளிலும் அது தொடர்கிறது. ஆனால் புதிதாக பாயிண்ட் இழுப்பது, வயரிங்கை மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரிடம் சொல்லி ஆள் வரவழைப்பதே சரி.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தவரும் மாட்டிக் கொள்வார். முதலில் மெயினை ஆப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளி விட்டு 108-க்கு போன் செய்யுங்கள். வீட்டுக்கு வெளியே மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு தகவல் சொல்லுங்கள்.

வயர்மேன் கூலிக்கு யோசித்து ஏணியில் ஏறும் முன், மெயினை ஆப் செய்தோமா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்க!