இலவசமாகக் கிடைத்த குட்டி பியானோ... ஆப் வைத்து ட்யூன் செய்தால் சரியாகிவிடுமா?

அமெரிக்காவில் வீடு காலி செய்பவர்கள், 'இலவசம்... நீங்களே வந்து தூக்கிக்கொண்டு போங்கள்' என்று விளம்பரம் போடும் பொருள்களில் ஒன்று, பாட்டி காலத்து 'ஸ்பினெட்' பியானோ. குழந்தைக்கு இசை கற்றுத்தர ஆசைப்படும் பெற்றோர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ட்யூன் செய்ய ஆளைக் கூப்பிட்டால் செலவு. போனில்தான் ட்யூனர் ஆப் இருக்கிறதே என்று, ஒவ்வொரு கம்பியாகத் திருகி முள்ளை நடுவில் நிறுத்துகிறார்கள். பிறகு இரண்டு கைகளாலும் வாசித்தால்... அபஸ்வரம்!

ஆப் தப்பா, பியானோ தப்பா?

குட்டைக் கம்பியின் குணம்

1930-களின் பொருளாதார நெருக்கடி காலத்தில் பிரபலமானது ஸ்பினெட். சின்ன வீடு, சின்ன பட்ஜெட்டுக்கு ஏற்ற பியானோ. உயரம் சுமார் 3 அடிதான். மேடையில் இருக்கும் பெரிய கிராண்ட் பியானோவோ சுமார் 9 அடி நீளம். உயரம் குறைந்தால் கம்பியும் குட்டையாகும். குட்டைக் கம்பியில் கீழ் ஸ்வரம் வர வேண்டுமென்றால் அதைத் தடிமனாக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

ஒரு கம்பியைத் தட்டினால் ஓர் ஒலி மட்டும் வருவதில்லை. அதன் 2 மடங்கு, 3 மடங்கு அதிர்வுள்ள துணை ஒலிகளும் சேர்ந்தே வரும். தடித்த, விறைப்பான கம்பியில் இந்தத் துணை ஒலிகள் கணக்கைவிடக் கொஞ்சம் ஏறிவிடும். 220 ஹெர்ட்ஸ் கம்பியின் இரண்டாவது ஒலி 440-ல் நிற்காமல் சற்றுத் தாண்டும். அதோடு மேல் ஸ்தாயிக் கம்பி மிகச் சரியாக 440-ல் நின்றால், இரண்டும் மோதி 'வாவ்... வாவ்' என்று அலையடிக்கும்.

அதனால்தான் ட்யூனர்கள் கீழ் ஸ்வரங்களைச் சற்று இறக்கியும், மேல் ஸ்வரங்களைச் சற்று ஏற்றியும் வைப்பார்கள். நல்ல பியானோக்களில் இந்த ஏற்ற இறக்கம் எப்படி இருக்கிறது என்று 1938-லேயே அளந்து வரைபடமாக வெளியிட்டார் ஓ.எல்.ரெயில்ஸ்பேக்.

கருவி எங்கே சறுக்கும்?

சாதாரண கிட்டார் ட்யூனர் ஆப்புக்கு இந்தக் கணக்கு தெரியாது. டியூன்லேப், வெரிட்யூனர் போன்ற பியானோவுக்கான ஆப்கள் துணை ஒலிகளையும் அளந்து கணக்குப் போடும். பெரிய பியானோவுக்கு இது அருமையாக வேலை செய்யும்.

மலிவான ஸ்பினெட்டிலோ, செம்பு சுற்றிய கம்பிகள் முடிந்து வெறும் எஃகுக் கம்பிகள் தொடங்கும் இடத்தில் குணம் சட்டென்று மாறும். சில ஸ்வரங்களை மட்டும் அளந்து மீதியை ஊகிக்கும் முறை அங்கே தடுமாறும். சில பழைய கம்பிகள் தனியாகத் தட்டினாலே அலையடிக்கும். அப்போது முள் நிற்கவே நிற்காது.

என்ன செய்யலாம்?

* முதலில் கம்பி சுற்றியிருக்கும் பின்னைச் சோதியுங்கள். வீணைப் பிருடை மாதிரிதான் அது. திருகியதும் வழுக்கித் திரும்பினால் மரம் பிடிப்பை இழந்துவிட்டது. ட்யூன் நிற்காது.
* ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 70 கிலோ இழுவிசை இருக்கும். துருப்பிடித்ததை வேகமாக ஏற்றினால் அறுந்துவிடும். சுருதி ரொம்ப இறங்கியிருந்தால், முதல் சுற்றில் தோராயமாக ஏற்றி, அடுத்த சுற்றில் நுணுக்கமாகச் சேர்க்கவும்.
* நடுக் கட்டைகளுக்கு 3 கம்பிகள் உண்டு. ரப்பர் ஆப்பு வைத்து இரண்டை அடக்கி, ஒன்றை மட்டும் சேர்க்கவும்.
* கம்பி மாறும் இடத்தில் திரையைப் பார்க்காதீர்கள். ஸ்தாயி ஜோடியைச் சேர்த்து வாசித்து, அலை அடங்கும்வரை காதால் சரிசெய்யுங்கள். முழுசாகச் சேராது. உறுத்தாத இடத்தில் நிறுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம்.

கற்றுக்கொள்ளும் குழந்தைக்குப் பியானோவின் குறை தெரியாது. 'எனக்குத்தான் வாசிக்க வரவில்லை' என்று மூடி வைத்துவிடும். அதனால் வீட்டுக்குத் தூக்கி வருவதற்கு முன்பே ஒருமுறை அனுபவமுள்ள ட்யூனரிடம் காட்டிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்!