டிரெய்லர் அலைவு

டிரெய்லர் அலைவு என்பது ஒரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர், தன் இணைப்புப் புள்ளியை மையமாகக் கொண்டு இடமும் வலமுமாக ஊசல் போல ஆடும் நிகழ்வு ஆகும். ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பிக்கப் டிரக்குகளைக் கொண்டு படகுகள், குதிரைகள், வீட்டுப் பொருட்கள், தங்கும் வசதியுள்ள பயண வண்டிகள் ஆகியவற்றை இழுத்துச் செல்வது பரவலான வழக்கம். இத்தகைய பயணங்களில் நேரும் கடும் விபத்துகளின் காரணங்களுள் டிரெய்லர் அலைவும் ஒன்று. பொறியின் ஆற்றல் சுமையை நகர்த்த உதவுமே தவிர அலைவைத் தடுக்காது. சுமை எங்கே வைக்கப்படுகிறது, வண்டி எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்ற இரண்டுமே இதில் முதன்மையானவை.

தோன்றும் விதம்

பக்கக் காற்று, கடந்து செல்லும் பெரிய சரக்குந்து தள்ளும் காற்று, திடீரென ஸ்டீயரிங்கைத் திருப்புதல் போன்றவை டிரெய்லரைச் சற்றே பக்கவாட்டில் தள்ளுகின்றன. குறைந்த வேகத்தில் டயர்களின் பக்கவாட்டு விசை இவ்வாட்டத்தை விரைவில் அடக்கிவிடும். வேகம் கூடக்கூட இவ்வாறு அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. இவ்வேகம் மாறுநிலை வேகம் எனப்படும். அது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான எண் அன்று. சுமையின் அமைப்பு, டயர்களின் காற்றழுத்தம், டிரெய்லரின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். எனவே நேற்று நிலையாக ஓடிய அதே டிரெய்லர், சுமையை மாற்றி வைத்தபின் இன்று ஆடத் தொடங்கலாம்.

சுமையின் இடம்

டிரெய்லரின் முன்முனை இணைப்புப் பந்தின் மீது கீழ்நோக்கித் தரும் சுமை முன்முனைச் சுமை எனப்படும். பந்து வகை இணைப்பில் இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. ஈர்ப்பு மையம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் சென்றால் முன்முனை மேல்நோக்கி எழும்ப முயலும். அப்போது டிரக்கின் பின்சக்கரங்கள் சாலையின் மீதுள்ள பிடிப்பை இழக்கும், மாறுநிலை வேகமும் குறையும்.

வீடு மாறுவோர் இலேசான பெட்டிகளை முதலில் உள்ளே அடுக்கிவிட்டு, குளிர்பதனப் பெட்டி போன்ற கனமான பொருட்களைக் கடைசியில் கதவருகே ஏற்றுவது உண்டு. ஆபத்தான நிலை பெரும்பாலும் இவ்வாறே உருவாகிறது. கனமான பொருட்களை அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக வைத்து, நகராதபடி கட்ட வேண்டும். இரு முனைகளிலும் எடையைக் குவிப்பதும் தவறு. சராசரி சரியாக இருந்தாலும், அவ்வாறு குவிந்த எடையின் ஆட்டத்தை நிறுத்துவது கடினம்.

எடை வரம்புகள்

விளம்பரங்களில் காணப்படும் இழுவைத் திறன் மட்டும் போதுமான அளவீடு அன்று. எஸ்.ஏ.இ. இன்டர்நேஷனல் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஜே2807 என்னும் தரநிலை, அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணை ஏற்றத்தை ஏறும் திறனையும் அலைவு அடங்கும் தன்மையையும் கணக்கில் கொள்கிறது. ஆனால் அது தலா சுமார் 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே வண்டியில் இருப்பதாகக் கொள்கிறது.

முன்முனைச் சுமை டிரக்கின் சுமைதிறனில் அடங்கும் என்பது பலரும் கவனிக்காத செய்தி. எடுத்துக்காட்டாக, 700 கிலோ சுமைதிறனுள்ள டிரக் 3,000 கிலோ டிரெய்லரை இழுப்பதாகக் கொள்வோம். முன்முனைச் சுமை 12 விழுக்காடு எனில் 360 கிலோ. எஞ்சுவது 340 கிலோ. நால்வர் அமர்ந்தால் சுமார் 300 கிலோ போய்விடும். பயணப் பொருட்களுக்கு 40 கிலோ மட்டுமே மிஞ்சும்.

மேலும், இணைப்புப் பந்து பின்னச்சுக்குப் பின்னால் இருப்பதால் நெம்புகோல் விளைவு ஏற்படுகிறது. அச்சுகளுக்கு இடையே 3.7 மீட்டரும், பின்னச்சிலிருந்து பந்துக்கு 1.5 மீட்டரும் இருந்தால், அதே 360 கிலோ சுமை முன்சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 146 கிலோவை நீக்கிவிடும். முன்சக்கரங்களே வண்டியைத் திருப்புபவை என்பதால் இது கட்டுப்பாட்டைக் குறைக்கும். எடைப் பகிர்வு இணைப்புகள் இந்த இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன.

வேகமும் நிறுத்தமும்

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 3,000 கிலோ டிரெய்லருக்கு மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் 6,00,000 ஜூலும், 90 கி.மீ. வேகத்தில் 9,37,500 ஜூலும் ஆற்றல் இருக்கும். வேகம் கால் பங்கு கூடினால் பிரேக்குகள் தாங்க வேண்டிய ஆற்றல் பாதிக்கும் மேல் கூடுகிறது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளின் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கி.மீ. ஆகும்.

நீண்ட இறக்கங்களில் இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கும்.

அலைவு தொடங்கினால்

ஓட்டுநர் முடுக்கியிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்ப முயன்றால், மனிதரின் எதிர்வினை தாமதமாவதால் ஆட்டம் பெருகவே செய்யும். டிரக்கின் பிரேக்கைத் திடீரென அழுத்தினால், பின்னால் வரும் சுமை டிரக்கைத் தள்ளி, இரு வண்டிகளும் இணைப்பில் மடங்கிவிடக்கூடும். டிரெய்லருக்கு மின் பிரேக் இருந்தால், அதன் கைவிசையை மட்டும் இயக்குவது நல்லது. அது டிரெய்லரைப் பின்னோக்கி இழுத்து நேராக்கும். சில புதிய டிரக்குகளில் உள்ள அலைவுக் கட்டுப்பாட்டு அமைப்பு சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் செய்து உதவும். எனினும் தவறாக ஏற்றப்பட்ட சுமையை அது சரிசெய்யாது. வண்டி நின்றபின் சுமையை மாற்றி அடுக்காமல் பயணத்தைத் தொடரக்கூடாது.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

- ஏற்றிய வண்டியைப் பொது எடைமேடையில் நிறுத்தி, ஒவ்வோர் அச்சின் எடையையும் அறிதல்
- இரு வண்டிகளின் டயர் காற்றழுத்தத்தையும் குளிர்ந்த நிலையில் பார்த்தல்
- பந்தின் அளவு டிரெய்லரின் இணைப்புக்குப் பொருந்துவதை உறுதிசெய்தல்
- பாதுகாப்புச் சங்கிலிகளை முன்முனைக்குக் கீழே குறுக்காக மாட்டுதல். இணைப்பு கழன்றால் முன்முனை சாலையில் விழாமல் அவை தாங்கும்
- டிரெய்லர் பிரிந்தால் அதன் பிரேக்கைத் தானாக இயக்கும் கம்பியைத் தனியே டிரக்கில் பொருத்துதல்
- விளக்குகளையும் டிரெய்லர் பிரேக்கையும் சோதித்தல்