டிமென்ஷியாவும் வீட்டு விலங்குகளும்: சாணி அள்ளுறது யாரு?

"மறதி நோய் இருக்கிறவங்களுக்கு நாய், பூனை பழக்கிவிட்டா நல்லது"ன்னு வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுத்துது. ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

2019-ல காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தது. மொத்தமே 9 ஆய்வு, 305 பேர். எல்லாம் ஐரோப்பாவும் அமெரிக்காவும். முடிவு: மனச்சோர்வு கொஞ்சம் குறையலாம். அதுக்கும் சான்று பலவீனம்தான். அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடுதுன்னு தெளிவா எதுவும் இல்லை.

சாஃப்ட்வேர்ல டெஸ்ட் சூழல் வேற, புரொடக்‌ஷன் வேறன்னு சொல்லுவோம். இங்கேயும் அதேதான். இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற நாயைப் பயிற்சியாளரே கூட்டிட்டு வருவார், நேரம் முடிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவார். நாமக்கல், சேலம் பக்கம் தோட்டத்து வீட்டில் மாடு, ஆடு, கோழி, காவலுக்கு ஒரு நாய், எல்லாம் அங்கேயேதான் இருக்கும். மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிற மருமகளே சாணியும் அள்ளணும்.

இதில் நன்மை இல்லாம இல்லை. இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியாதவங்ககூட பால் கறக்கிற நேரத்துக்குக் கட்டுத்தறிக்கு எழுந்து போகலாம். கைக்குப் பழகின வேலையோட நினைவு ஓரளவு தங்கலாம். ஆபத்தும் உண்டு. நாய் காலில் இடறி விழலாம். கடிபட்டதையே சொல்லத் தெரியாம போகலாம். அப்படிச் சந்தேகம் வந்தா காயத்தை 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசி போடணும்.

கவனிச்சுக்கிறவங்க சுமையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுற ஸாரிட் கேள்வித்தாளில் 22 கேள்வி இருக்கு. விலங்கைப் பத்தி ஒண்ணுகூட இல்லை. அதனால நாளைக்கு யாராவது இப்படி ஓர் ஆய்வுக்குக் கூப்பிட்டா, நீங்களே கேளுங்க: நாயை யார் பார்த்துக்குவாங்க? கடிச்சா செலவு யாரோடது? ஆய்வு முடிஞ்சதும் நாய் எங்க போகும்?

ஐசிஎம்ஆர் 2017-ல வெளியிட்ட நெறிமுறைகள்படி, நோயாளியால் சம்மதம் சொல்ல முடியலைன்னா சட்டப்படியான பிரதிநிதிகிட்ட சம்மதம் வாங்கணும். எப்ப வேணும்னாலும் விலகலாம். விலகினதுக்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

"எங்க வீட்டுக்கு ஒத்து வராதுங்க"ன்னு சொல்றதும் முழு உரிமையோட சொல்ற பதில்தான். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்ங்க.