ரப்பர் விலையும் டயர் விலையும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் பாதை நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்து, கல்லாற்றில் மலையேறத் தொடங்குகிறது. தேயிலை தோன்றுமுன் நம் கண்ணில் மிகுதியும் படுபவை ரப்பர் மரங்களே. நம் நாட்டு ரப்பரில் பெரும்பகுதி டயராகிறது. அங்ஙனமாயின் ரப்பர் விலை இறங்கும்போது டயர் விலையும் இறங்கவேண்டும் அன்றோ? இறங்காவிடில் காரணம் கேட்க ஒரு சட்டம் உண்டு. அஃது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம்.

அதற்கு முன் இருந்தது 1969-ஆம் ஆண்டின் ஏகபோகச் சட்டம். அது நிறுவனம் பெருப்பதையே ஐயத்தோடு நோக்கிற்று. புதிய சட்டமோ பெருமையைக் குற்றமென்று கூறாது. பெருமையைத் தீய வழியில் பயன்படுத்துவதையும், போட்டியாளர் மறைவில் கைகோப்பதையுமே தடுக்கும்.

கைகோத்தனர் என்பதை எங்ஙனம் மெய்ப்பிப்பது? விஞ்ஞானம் பயிலும் நமக்கு இவ்வினா புதிதன்று. 1665-இல் ஹைகன்ஸ் என்னும் அறிஞர், ஒரே சட்டத்தில் தொங்கிய இரு கடிகாரங்களின் ஊசல்கள் சேர்ந்தாடுவதைக் கண்டார். அவை பேசிக்கொள்ளவில்லை, தாங்கிய மரச்சட்டமே அவற்றைப் பிணைத்தது. ஐந்து கம்பெனிகளின் விலை ஒன்றாக ஏறினால், அது பொதுவான மூலப்பொருளின் விலையாலா, இரகசிய உடன்படிக்கையாலா? வழக்கின் உயிர்நிலை இதுவே.

இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல், எம்.ஆர்.எஃப்., அப்போலோ, ஜே.கே., சியட், பிர்லா ஆகிய ஐந்து டயர் கம்பெனிகளும் 2011-12-இல் கூடி விலை வகுத்தன என்று தீர்த்து, மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விலைத் தகவல்கள் அவர்தம் சங்கத்தின் வழியே பரிமாறப்பட்டன என்பது அதன் முடிவு. நீதிமன்ற வழக்கால் அவ்வாணை உறையிலேயே கிடந்து, 2022 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. கம்பெனிகள் குற்றத்தை மறுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், வழக்கை மீண்டும் ஆராயுமாறு ஆணையத்துக்கே திருப்பிவிட்டது. பதினோரு ஆண்டுகள்! ரப்பர் கன்று நட்டு பால் வெட்டத் தொடங்க ஏழாண்டு போதும்.

இத்தகைய தாமதங்களைக் கண்டே 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது எனலாம். தாம் போட்டியாளராக இல்லாவிடினும், கூட்டுச் சதிக்கு நடுநின்று உதவுவோர் இனி உடந்தையாகக் கருதப்படுவர். அபராதத்தின் உச்ச எல்லையைக் கணக்கிடுகையில், கம்பெனி உலகெங்கும் செய்யும் முழு வியாபாரமும் எடுத்துக்கொள்ளப்படும். 2017-இல் உச்சநீதிமன்றம் குற்றத்துக்குரிய சரக்கின் விற்பனையோடு அதை நிறுத்தியிருந்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கம்பெனிக் கொள்வினைகளில், வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருப்பின், 2024 செப்டம்பர் முதல் முன்னனுமதி வேண்டும். சமரச வழியும் திறக்கப்பட்டது. 2025-இல் கூகிள் தொலைக்காட்சி வழக்கொன்றை 20.24 கோடி ரூபாய் கட்டி முடித்துக்கொண்டது. விலைக்கூட்டுச் செய்வோருக்கு இவ்வழி இல்லை என்பது சரியே.

ஆனால் புகாரை மூன்றாண்டுக்குள் கொடுக்கவேண்டும் என்ற புதிய விதி எனக்கு உவப்பாக இல்லை. தாமதத்தைப் பொறுக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனினும் மறைவில் நடப்பது மூன்றாண்டில் வெளிவரும் என்பதற்கு உறுதி யாது?

அபராதப் பணம் எவருக்குச் சேரும் என நண்பர்கள் வினவுவர். அஃது அரசாங்கக் கருவூலத்துக்கே. நட்டமடைந்தோர் 53-என் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் தனியே இழப்பீடு கோரலாம். டயர் வாங்கிய லாரிக்காரரிடம் பில்லாவது இருக்கும். விதுராவில் விடியுமுன் மரம் சீவுபவர், தம் நட்டத்தைக் காட்ட எந்தச் சீட்டைக் கொண்டுசெல்வார்?