13 வாரத்துக்கு ஒரு வாசல்

அமெரிக்காவில் ஊர் மாறிப் போய்த் தற்காலிகமாக வேலை பார்க்கும் ‘டிராவல் நர்ஸ்’ ஒருவரின் வேலை ஒப்பந்தம் வழக்கமாக 13 வாரம். அதே ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் நீட்டுவது 12 மாத ஒப்பந்தம். இந்த இரண்டு கணக்கும் ஒத்துவராத சிக்கலுக்கு அங்குள்ள செவிலியர்களில் ஒரு பகுதியினர் கண்ட வழி, வீட்டையே வண்டியில் பூட்டி இழுத்துக்கொண்டு போவது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த ஆர்வி வண்டியில் குடியிருந்தபடி, இந்த மாநிலத்தில் மூன்று மாதம், அடுத்த மாநிலத்தில் மூன்று மாதம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் பிரசவ வார்டுகளிலும் வேலை பார்க்கிறார்கள்.

மலையடிவாரம், மாலை வெயில், வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலி என்று இந்த வாழ்க்கையின் படங்கள் ஊர்சுற்றும் ஆசையைக் கிளப்பும். அந்தச் சுகமும் உண்மைதான். ஆனால், இவர்களில் பலர் வண்டி வாங்குவதற்கான முதல் காரணம் வேறு: 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தால், தனக்குப் பழகிய கட்டிலில் படுத்துத் தூங்க வேண்டும்.

இந்த வேலை ஏன் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1970-களின் பிற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் மார்டி கிரா திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர் செவிலியர்களைத் தற்காலிகமாக அழைத்ததில் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று காரணங்கள் பல. குளிர்காலம் வந்தால் வட மாநில முதியவர்கள் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய்த் தங்குவார்கள். அங்குள்ள மருத்துவமனைகள் நிரம்பும். நிரந்தரச் செவிலியர் மகப்பேறு விடுப்பில் போனால் மூன்று மாதத்துக்கு மாற்று ஆள் வேண்டும். கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே காரணமாக இருக்கிறது. 1999-ல் இயற்றப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்த அந்த மாநிலச் சட்டத்தின்படி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒரு செவிலியராவது இருந்தாக வேண்டும். ஆள் குறைந்தால் எப்படியாவது ஆள் பிடித்தே தீர வேண்டும். அதனால் அங்கே சம்பளமும் கூடுதல், வெளியூர் செவிலியருக்கான தேவையும் கூடுதல்.

வாரத்துக்கு 36 மணி நேரம், அதாவது 12 மணி நேர ஷிப்ட் மூன்று என்பது பொதுவான ஏற்பாடு. மருத்துவமனைக்கும் செவிலியருக்கும் நடுவில் ஏஜென்சி இருக்கும். சம்பளம் அதன் கையிலிருந்துதான் வரும். புது இடத்தில் அறிமுகப் பயிற்சி என்று ஓரிரு நாள் கிடைக்கும். எந்த அலமாரியில் எந்த மருந்து, கணினியில் எந்தப் பக்கத்தில் எதைப் பதிவது என்று தெரிந்துகொள்வதற்குள் முழு நோயாளிப் பட்டியலும் கைக்கு வந்துவிடும்.

மருத்துவமனைக்கு வசதியான இந்த ஏற்பாட்டில் ஆபத்தின் பெரும்பங்கு செவிலியர் தலையில் விழுகிறது. நோயாளிகள் குறைந்துவிட்டார்கள் என்று ஷிப்டை ரத்து செய்யலாம். ஒப்பந்தத்தையே பாதியில் முறிக்கலாம். இத்தனை மணி நேரத்துக்கு ஊதியம் உறுதி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால், வேலையில்லாத வாரத்துக்குக் காசும் இல்லை. அதற்குள் மூன்று மாத வாடகையும் முன்பணமும் கட்டியிருந்தால் அது போனதுதான்.

முன்பு ஏஜென்சியே வீடு பிடித்துக் கொடுப்பது சாதாரணமாக இருந்தது. இப்போது பலரும் வீட்டு வாடகைக்கான படியைப் பணமாக வாங்கிக்கொண்டு தாங்களே இடம் தேடுகிறார்கள். பெருநகரம் என்றால் மேசை நாற்காலியோடு மாத வாடகைக்கு அறை கிடைக்கலாம். செவிலியர் பஞ்சம் கடுமையாக இருப்பதோ பெரும்பாலும் சிறிய ஊர்களில். அங்கே ஒரு மோட்டல், நாலைந்து வாடகை வீடுகள், அவ்வளவுதான். இல்லாத வீட்டுக்கு அழகான படம் போட்டு முன்பணம் பறிக்கும் மோசடியும் உண்டு. ஏமாந்தவருக்கு அது தெரியவருவது, ஆயிரம் மைல் காரோட்டி வந்து கதவைத் தட்டும்போதுதான். வீட்டைக் கூடவே கொண்டு வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒப்பந்தம் முறிந்தால் ஆர்வி வண்டிகளை நிறுத்த இடம் தரும் ‘ஆர்வி பார்க்’கில் கட்டிய அந்த மாத வாடகையோடு நஷ்டம் நிற்கும்.

டிராவல் நர்ஸ்கள் பலரும் விரும்புவது, பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் ‘ஃபிஃப்த் வீல்’ டிரெய்லரைத்தான். காரணம் எளிது. வீடும் எஞ்சினும் ஒன்றாகவே இருக்கும் வண்டியை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்வர முடியாது. டிரெய்லரைப் பார்க்கில் நிறுத்திக் கழற்றிவிட்டால், டிரக்கில் மருத்துவமனைக்குப் போகலாம்.  

இது மலிவான வாழ்க்கை என்று நினைத்து இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய டிரெய்லரை இழுக்கச் சாதாரண டிரக் தாங்காது. அதற்கான கனரக டீசல் டிரக், டிரெய்லர் அளவுக்கே விலை சொல்லும். பாரத்தோடு ஓடும்போது லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல மைலேஜ். புது டிரெய்லரைக் கடையிலிருந்து வெளியே இழுத்த நாளிலிருந்தே அதன் மதிப்பு சரியும். மின்சார, தண்ணீர் இணைப்புகளோடு ஆர்வி பார்க்கில் இடம் பிடிக்க மாதம் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை ஆகும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர். 10 வருடத்துக்கு மேல் பழைய வண்டிகளைச் சேர்க்காத பார்க்குகளும் இருக்கின்றன. ஒரே ஒரு ஒப்பந்தத்துக்காக வண்டி வாங்குவது நஷ்டக் கணக்கு. மூன்று நான்கு வருடம் இதே வேலையில் இருப்போம் என்ற தெளிவு உள்ளவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

வண்டிக்குள் வாழ்க்கை நடத்துவதும் ஒரு தனித் தொழில். பார்க்கில் ஒவ்வொரு இடத்திலும் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என்று மூன்று இணைப்புகள் இருக்கும். மின்சாரம் 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம்: 30 ஆம்ப் இணைப்பு தருவது 3,600 வாட், 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு கம்பிகள் வழியாக 12,000 வாட் வரும். அரிசோனாவின் ஜூலை வெயிலில் 30 ஆம்ப் இடம் வாய்த்தவர் ஏசியும் மைக்ரோவேவும் ஹேர் டிரையரும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும்.

கழிவுக்கு இரண்டு தொட்டிகள். கை கழுவும் தண்ணீரும் குளித்த தண்ணீரும் சாம்பல் தொட்டிக்குப் போகும். கழிப்பறைக் கழிவு கறுப்புத் தொட்டிக்கு. குழாயை மாட்டிவிட்டோமே என்று கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. தண்ணீர் மட்டும் வடிந்து, மற்றது அடியில் கெட்டித்துக் குவியும். மூடி வைத்து, தொட்டி முக்கால் பங்காவது நிறைந்த பிறகு ஒரே வீச்சில் திறந்துவிட வேண்டும். அது முடிந்ததும் சாம்பல் தொட்டியைத் திறந்தால், சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு ஓடும். கையுறை மாட்டிக்கொண்டு செய்யும் இந்த வேலை செவிலியர்களை முகம் சுளிக்க வைப்பதில்லை. இதைவிடக் கடினமானவற்றை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்.

இரவு ஷிப்ட் பார்ப்பவரின் பாடு இன்னும் சிரமம். மாலை 7 மணிக்குத் தொடங்கி காலை 7 மணிக்கு முடியும் வேலை. அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைத்து, டிரக்கை ஓட்டிக்கொண்டு பார்க்குக்கு வந்து படுக்கும்போது 9 மணி. பார்க்குகளில் சத்தம் போடக்கூடாத நேரம் என்ற விதி உண்டு. அது இரவு 10 மணியிலிருந்து காலை வரை. இவர் தூங்கப்போகும் நேரத்தில் புல்வெட்டும் இயந்திரம் கிளம்பும், பிள்ளைகள் சைக்கிளை எடுப்பார்கள், பக்கத்து வண்டிக்காரர் டீசல் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவார். டிரெய்லரின் சுவர் சில அங்குலக் கனம்தான். அதனால் ஜன்னலுக்குள் வெள்ளி நிறக் காப்புத் தாளை வெட்டிச் செருகி இருட்டாக்குவார்கள். மின்விசிறியின் இரைச்சலால் வெளியே கேட்கும் சத்தத்தை மூடுவார்கள். பார்க் அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிவைத்து, நுழைவாயிலிலிருந்தும் விளையாட்டுத் திடலிலிருந்தும் தள்ளி ஓர் ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்குவார்கள். தூக்கம் கெட்ட செவிலியர் அன்றிரவு மருந்தளவு கணக்கிடப் போகிறார் என்பதை நினைத்தால், இது சின்ன விஷயமில்லை.

குளிர்காலம் அடுத்த சோதனை. வட மாநிலங்களில் ஜனவரியில் வண்டிக்கு அடியில் ஓடும் காற்றே குழாய்களை உறையவைத்துவிடும். அதனால் வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றிலும் பாவாடைபோல் தடுப்புக் கட்டுவார்கள். மின்சாரத்தால் சூடாகும் தண்ணீர்க் குழாயைப் பொருத்துவார்கள். ஹீட்டர் ஓடுவது புரோபேன் வாயுவில். கடுங்குளிரில் சிலிண்டர் வெகுவேகமாகக் காலியாகும். அதிகாலை 3 மணிக்குத் தீர்ந்தால், எழுந்து வெளியே போய் மாற்ற வேண்டியதுதான்.

இனி வரி. டிராவல் நர்ஸ் சம்பளம் இரண்டு கூறாக வரும்: மணிக்கணக்கில் தரும், வரி பிடிக்கும் ஊதியம் ஒன்று, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வரியில்லாமல் தரும் படி மற்றொன்று. இந்தப் படிக்கு அளவுகோல், அரசு ஊழியர் பயணப்படிக்காக அமெரிக்க அரசு ஊர்வாரியாக வெளியிடும் பட்டியல். வரியில்லாமல் வாங்க ஒரு நிபந்தனை உண்டு. வேறோர் ஊரில் உங்களுக்கு உண்மையான வீடு இருக்க வேண்டும். அதற்கும் செலவு செய்துகொண்டு, இங்கேயும் செலவு செய்பவராக இருக்க வேண்டும். வேலையும் தற்காலிகமானதாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால் சலுகை கிடையாது.

சொந்த ஊர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆர்வியே கதி என்று வாழ்பவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார். வரித்துறையின் கண்ணில் அவர் இடம் விட்டு இடம் போகும் தொழிலாளி. போகுமிடமெல்லாம் அவருக்கு வீடு. ஆகவே வீட்டைப் பிரிந்திருக்கிறார் என்று படி கேட்க முடியாது. வாங்கிய படி முழுவதும் வரிக்கு உட்படும். இதே வண்டியில் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் இருந்தால், கடனுக்குக் கட்டும் வட்டிக்குச் சலுகை கேட்கும்போது மட்டும் சட்டம் அதை வீடாக ஏற்றுக்கொள்ளும். வேலை சொந்த வீட்டிலிருந்து 50 மைலுக்கு அப்பால் இருந்தால் படி வரியில்லாமல் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை செவிலியர்களிடையே உலவுகிறது. அது சில மருத்துவமனைகளும் ஏஜென்சிகளும் தங்களுக்குள் வைத்திருக்கும் விதி. வரிச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. வரி பிடிக்கும் ஊதியம் குறைவாகக் காட்டப்படுவதால் பிற்காலத்தில் ஓய்வூதியமும் குறையும், வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது பலர் யோசிப்பதில்லை.

செவிலியர் உரிமமும் முகவரியைத்தான் கேட்கிறது. ஒரு மாநில உரிமத்தோடு மற்ற மாநிலங்களிலும் வேலை பார்க்க அனுமதிக்கும் செவிலியர் உரிம உடன்படிக்கை 2000-ல் தொடங்கி, 2018 ஜனவரியில் புதிய வடிவம் பெற்றது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதில் இருக்கின்றன; கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இல்லை. அந்தப் பல மாநில உரிமத்தை வழங்குவது உங்கள் நிரந்தர வசிப்பிட மாநிலம்தான். சக்கரத்தில் வாழ்பவரும் ஏதாவது ஒரு மாநிலத்தைத் தன் ஊர் என்று காட்டியாக வேண்டும்.

முழுநேர ஆர்விவாசிகள் பலர் தங்கள் ஊராகக் காட்டுவது டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டக்கோட்டா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற சிறு நகரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி கிளப்பின் அஞ்சல் நிலையம், ஆயிரக்கணக்கானோரின் தபால்களை வாங்கி அவர்கள் நிற்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறது. இந்த கிளப்பை 1978-ல் தொடங்கியவர்கள் ஜோ பீட்டர்சனும் கே பீட்டர்சனும். கணவர் எலக்ட்ரீஷியன், மனைவி செவிலியர். போன ஊர்களில் வேலை பார்த்தே டிரெய்லர் வாழ்க்கையை நடத்தியவர்கள். முதுமையாலோ நோயாலோ இனி வண்டியோட்ட முடியாத உறுப்பினர்கள், தங்கள் வண்டியிலேயே தங்கியிருந்து சாப்பாடும் பராமரிப்பும் பெற லிவிங்ஸ்டனில் ஒரு நிலையமும் உருவானது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அஞ்சல் முகவரி வாகனப் பதிவுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் உதவும், வரிச் சலுகைக்கான வீடு ஆகிவிடாது.

2020-ல் ஆர்விக்கும் மருத்துவத்துக்கும் இருந்த உறவு வேறு முகம் காட்டியது. கொரோனா வார்டிலிருந்து திரும்பும் மருத்துவர்களும் செவிலியர்களும் குடும்பத்துக்கு நோயைக் கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சிய நாட்களில், டெக்சாஸில் தொடங்கிய ‘ஆர்விஸ் ஃபார் எம்டிஸ்’ என்ற தன்னார்வ முயற்சி, சும்மா நின்ற வண்டிகளை அவர்கள் வீட்டு வாசல்களுக்கு அனுப்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அப்படி வண்டி கிடைத்தது. அதே காலத்தில் டிராவல் நர்ஸ்களின் சம்பளம் வாரத்துக்கு 5,000 டாலரைத் தாண்டிப் போனது. அதைப் பார்த்து வேலையை விட்டு வண்டி வாங்கியவர்கள், 2022-ல் சம்பளம் இறங்கியபோது வண்டிக் கடனோடு நின்றார்கள்.

இந்த வாழ்க்கையை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால், தன் ஊரில் தங்க இடமில்லை என்று தெரிந்தும் ஆள் கேட்டு விளம்பரம் கொடுக்கும் மருத்துவமனைக்கு ஒரு கடமை இருக்கிறது. சில மருத்துவமனைகள் வாகன நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியை ஒதுக்கி, மின்சாரமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் கொடுத்து, டிராவல் நர்ஸ்களுக்கும் வெளியூரிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்கும் ஆர்வி நிறுத்த இடம் தருகின்றன. இரவு ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையில் கண் சொருக வண்டியோட்டும் நிலை இதனால் இல்லாமல் போகிறது. ஆள் கிடைக்காமல் வார்டின் ஒரு பகுதியை மூடிவைக்கும் சிறிய ஊர் மருத்துவமனை ஒன்று, 50 ஆம்ப் இணைப்போடு ஐந்தாறு இடங்களை இப்படி அமைத்துவிட்டு, அதையும் வேலை விளம்பரத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.