புலியும் புல்லும்

"புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. மானமுடையார் இயல்பை விளக்க எழுந்த இம்மொழி, இயற்கை நூலார் நோக்கில் பாதி உண்மையே ஆகும். புலி மானைத் தின்கிறது. மான் புல்லைத் தின்கிறது. புல்லோ சூரிய ஒளியைக்கொண்டு வளர்கிறது. ஆதலின் புலியின் பாய்ச்சலும் முன்னர் வெயிலாய் இருந்ததேயாம். அவ்வொளியின் சக்தி உயிர்தோறும் செல்லும் வழியையும், வழியில் அது குறையும் அளவையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

பச்சிலைகள் ஒளியின் துணையால் நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து உணவாக்குகின்றன. பிராணிகளுக்கு இவ்வாற்றல் இல்லை. ஆகவே அவை தாவரங்களையோ, பிற பிராணிகளையோ உண்டே வாழ்கின்றன. இத்தொடர்பே உணவுச் சங்கிலி எனப்படும்.

ஊனுண்ணும் பெரும் பிராணிகள் எங்கும் அருகிக் காணப்படுவது ஏன்? உயிர்களின் தொகை, அடி அகன்று முடி குறுகிய கோபுரத்தை ஒக்கும் என்று 1927-இல் சார்லஸ் எல்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் காட்டினார். அதன் காரணத்தைச் சக்தியின் கணக்கிலே தேடியவர் ரேமண்ட் லிண்டெமன் என்னும் அமெரிக்க இளைஞர். மின்னசோட்டாவிலுள்ள ஒரு சிற்றேரியை ஆராய்ந்து அவர் வரைந்த கட்டுரையை, மதிப்பிட்ட அறிஞர்கள் முதலில் ஏற்றிலர். 1942-இல் அது அச்சேறுமுன்னரே, வயது இருபத்தேழு நிரம்பாத அவ்விளைஞர் காலமானார். அவர் காட்டிய வழியே பின்னர் இத்துறைக்கு அடிப்படையாயிற்று.

அவ்வழி சென்ற ஹோவர்ட் ஓடம், பிளாரிடா மாநிலத்தின் ஸில்வர் ஸ்பிரிங்ஸ் என்னும் தெளிந்த நீரூற்றை ஆராய்ந்து, 1957-இல் தம் கணக்கை வெளியிட்டார். அங்கே ஒரு சதுர மீட்டர் பரப்பில், நீர்த்தாவரங்கள் ஓராண்டில் சேர்த்த சக்தி 20,810 கிலோ கலோரி. அவற்றை உண்ணும் நத்தை, ஆமை முதலியவற்றை அடைந்தது 3,368. அவற்றைத் தின்னும் ஊனுண்ணிகள் பெற்றது 383. யாவற்றிற்கும் மேலான பெருமீன்களுக்குக் கிட்டியதோ 21. அதாவது, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே!

எஞ்சியது எங்கே போயிற்று? தாவரங்களே தாம் சேர்த்ததில் பாதிக்கு மேல், அதாவது 11,977 கிலோ கலோரியை, தம் சுவாசத்திற் செலவிட்டன. பிராணிகளும் மூச்சு விடவும், நீந்தவும், இரை தேடவும் பெரும்பகுதியைச் செலவிடுகின்றன. உண்ணப்படாது மடிந்தவையும் கழிவாய் வீழ்ந்தவையும் நுண்கிருமிகளுக்கு உணவாகின்றன. முடிவில் அச்சக்தியெல்லாம் உஷ்ணமாய்ச் சிதறிவிடுகிறது. உடலிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் மண்ணை அடைந்து மீண்டும் புல்லாகும். சிதறிய உஷ்ணமோ மீளாது. ஆதலினாலேயே சங்கிலிகள் நான்கைந்து கண்ணிகளுக்கு மேல் நீள்வது அரிது. சூரியனும் நாள்தோறும் புதிதாய் அளித்தாக வேண்டும்.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. ஒரு புலிக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது மான் போன்ற விலங்குகள் இரையாக வேண்டும். அவ்வளவும் குறைவின்றிக் கிடைக்க, ஐந்நூறு விலங்குகளேனும் மேயும் காடு வேண்டும். நம் முதுமலைக் காட்டிலோ, அயல்நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி அடர்ந்து பரவிப் புல்லை நெருக்குகிறது. புல் குறையின் மான் குறையும். மான் குறையின், வேட்டைக்காரனின் குண்டு ஒன்றும் படாமலே புலியும் மறையும்.

புலியைக் காக்க விரும்புவோர் முதலில் குனிந்து புல்லை நோக்குவாராக.